பீரோவுக்குள் பச்சை வெளிச்சம்

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்து வைப்பேன். பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றி, பொங்கும்வரை அடுப்பருகில் நிற்பேன். காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். குளிப்பேன். முந்தின நாள் சட்டை அழுக்காக இல்லையென்றால் அதையே போடுவேன். மணிராஜ் அண்ணாச்சி அனுப்பியிருக்கும் புகார்களைப் போனில் படிப்பேன். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் நான்கு இட்லி. எட்டு மணிக்கு அலுவலகம்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான்.

ஆனி பிறந்து காற்று பிடித்திருந்தது. மேற்கே மணிமுத்தாற்று மலைமேல் மேகம் மூடிக் கிடந்தது. மழை அங்கேயே நின்றுவிடும். கீழே எங்களுக்குக் காற்று மட்டும்தான் வரும். வாழை இலையைக் கிழிக்கும், கூரைத் தகரத்தைத் தூக்கும், கம்பத்துக்குக் கம்பம் நாங்கள் கட்டிய வயரைப் பிடித்து ஆட்டும். இந்த மாதத்தில் எங்களுக்கு நிற்க நேரம் கிடையாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

மணிராஜ் அண்ணாச்சி முன்பு கேபிள் டிவி நடத்தியவர். இப்போது ஃபைபர் வயர் இழுத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறார். நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஏணி, வயர்ச் சுருள், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். இவ்வளவுதான் வேலை.

"ஏலே ஹெப்ரான், ஒங்க மாமனார் வீட்லருந்து திரும்பவும் போனு," என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "டிவில படம் தெளியமாட்டக்காம். இந்த வாரத்துல இது மூணாவது தடவ. ஒனக்குப் பதிலா பெருமாள்ராஜ அனுப்பட்டுமா?"

"வேண்டாம். நான் போறேன்."

"யோசிச்சிச் சொல்லுலே. வேலைன்னு போயி, அங்கன போயி நீ ஒரு மாதிரி..."

"வேலைக்குத்தான அண்ணாச்சி போறேன்."

அவர் வயர்ச் சுருளை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

வருகிற சனிக்கிழமையோடு என் மனைவி எப்சி இறந்து ஒரு வருஷம். டெங்குக் காய்ச்சல். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அப்புறம் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. போனால் உட்கார வேண்டியிருக்கும்.

கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது போன் இரண்டு தடவை அடித்தது. ஒரு வீட்டில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். இன்னொரு வீட்டில் அணில் வயரைக் கடித்துவிட்டதாம். மத்தியானம் வருகிறேன் என்றேன். ரோட்டோரத்து வயல்களில் கார் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்து நின்ற பெண்களின் சேலைகளைக் காற்று ஒரே பக்கமாக இழுத்தது. வீரவநல்லூர் தாண்டிக் கால்வாயை ஒட்டி ஒரு சின்னத் தெரு. பத்துப் பதினைந்து கிறிஸ்தவ வீடுகள், முனையில் ஒரு தேவாலயம். மூன்றாவது வீடு.

வாசலிலேயே மாமா நின்றிருந்தார். ஜேசுதாசன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் இருக்கிறார். எதையும் இரண்டு தடவை சொல்வார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்வார்.

"வாரும் மாப்ள. வந்து பாரும் ஒம்ம நெட்டு லச்சணத்த. வந்து பாரும்!"

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இடதுபுறம் சுவரில் எப்சியின் படம். மாலை கிடையாது. மாமாவுக்கு அதெல்லாம் ஆகாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சந்தனமாரி என்னைக் கண்டதும் காலை மடக்கினாள். நடவுக்குப் போகிறவள். அன்று அவளுக்கு வேலை இல்லை. முந்தின நாள் விட்டுப்போன சீரியலைப் பார்க்க வந்திருந்தாள்.

"தம்பி, நீங்களே பாருங்க இந்தக் கொடுமைய. மாமியா எது, மருமவ எதுன்னு தெரியமாட்டக்கு. முந்தாநேத்து மாமியாளப் போட்டு அறையுதாவ, நான் மருமவளாக்கும்னு நெனச்சி அழுதுட்டேன். அழுத கண்ணீர் பூரா வீணு."

திரையில் இரண்டு உருவங்கள் பேசிக்கொண்டிருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக நிறம் மட்டும் இருந்தது. பேச்சு ஒழுங்காகக் கேட்டது.

"யாரோ நெட்ட உறியுதான்வே," என்றார் மாமா. "ஏ சந்தனமாரி, ஒம் மவன்தான். செவத்தோரமா நின்னுக்கிட்டு போன நோண்டுதான்லா. ஒம் மவன்தான்!"

"எம் மவன் கோயம்புத்தூருல இருக்கான் அண்ணாச்சி. அங்கன நின்னுக்கிட்டா இங்கன உறியுதான்? அம்புட்டு நீள வாயா அவனுக்கு?"

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். பாக்கியவதி. கையைச் சேலையில் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"வாங்க மாப்ள. மெலிஞ்சிட்டிய."

"இல்ல அத்தை."

"சட்டை தொங்குது. இல்லங்கிய." அவள் ரிமோட்டை எடுத்தாள். "சீரியலு எக்கேடும் கெட்டுப் போவட்டும். இதப் பாருங்க."

எங்கள் கல்யாண வீடியோ. ஸ்டுடியோக்காரர் அதை இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தார். அத்தைக்கு எந்த இடம் எங்கே வருகிறது என்று தெரிந்திருந்தது. பட்டனை அமுக்கி அமுக்கித் தேவாலய மேசைக்கு வந்து நிறுத்தினாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடம். வெள்ளைச் சேலை குனிகிறது. பேனாவைப் பிடிக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ பேசுகிறது. அந்த இடத்தில் பாட்டுப் போட்டு ஒலியை மூடிவிட்டார்கள். முகம் கரைந்த மெழுகுபோல இருந்தது. வாய் இல்லை.

"அவ ஒங்ககிட்ட என்னமோ சொல்லுதா. தெனமும் பாக்கேன். முன்னால நல்லா தெரிஞ்சிது, அப்பம் நான் கவனிக்கல. இப்பம் கவனிக்கேன், வாயி தெரியமாட்டக்கு." அவள் என்னிடம் திரும்பினாள். "சனிக்கிழம வீடு முழுக்க ஆளு வந்துருவாவ. அதுக்கு முன்னால எனக்கு அவ மொகத்த ஒருக்கா நல்லாப் பாக்கணும் மாப்ள. ஆவுமா?"

"பாக்கேன் அத்தை."

"ஆவுமான்னு கேட்டேன்."

"ஆவும்."

டிவியை அணைத்துப் போட்டேன். மாறவில்லை. என் போனை டிவிக்கு அருகில் வைத்து வேகம் பார்த்தேன். வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. வேகம் குறைந்தால் படம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக டிவி தானாகவே தெளிவைக் குறைத்துக்கொள்ளும். நுணுக்கமானதுதான் முதலில் போகும். முகம், விரல், சேலைக் கரை. சுவரும் மேசையும் அப்படியே இருக்கும். இதை மாமாவிடம் சொன்னேன்.

"அப்பம் செவத்தப் பாக்கவா நான் மாசாமாசம் பணம் கெட்டுதேன்? செவத்தப் பாக்கவா?"

"கம்பத்துல பாத்துட்டு வாரேன்."

ஏணியைச் சாத்தி ஏறினேன். காற்று ஏணியையும் சேர்த்து ஆட்டியது. மேலேயிருந்து கால்வாயும் அதற்கப்பால் வயலும் தெரிந்தன. பெட்டியைத் திறந்து, அந்த வீட்டுக்குப் போகும் வயரைக் கழற்றி மீட்டரில் சொருகினேன். வெளிச்சம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கம்பம் வரை ஒரு குறையும் இல்லை. கோளாறு வீட்டுக்குள்.

இந்த வீட்டுக்கு முதன்முதலில் வயர் இழுத்தவன் நான்தான். எப்சி நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அவள் பெயரில்தான் இணைப்பு. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். விழுந்தா பிடிச்சிருவேன் சார், பயப்படாம ஏறுங்க என்றாள். அப்புறம் வாரம் ஒரு புகார் கொடுத்தாள். ஒன்றிலும் கோளாறு இருக்காது. நெட்டு போட வந்தவன மாப்பிள்ளையாக்கிட்டா என்று கல்யாணத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

இறங்கி வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். நான் மோடம் மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளை மட்டும் இருந்தது.

"மாமா, மோடம் எங்க?"

"உள்ள ரூம்ல கெடக்கு. ஹால்ல தூசி அடையிதுன்னு ஒங்க அத்தைதான் மாத்தச் சொன்னா. பெருமாள்ராஜ் வந்து வயரு இழுத்துக் குடுத்தான். பாயசம் குடிச்சிட்டுப் போனான்." அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசினார். வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். "சேரன்மாதேவி அச்சாபீஸ்காரன். நினைவு அட்டை தயாரு, வந்து பாத்துட்டுப் போங்கங்கான். ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன். எப்சியோட கடைசி வார்த்தைய அட்டையில பெருசாப் போடச் சொல்லியிருக்கேன். பெருசா!"

எங்கள் ஆட்கள் மத்தியில் அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார்கள். பிறப்பு, படிப்பு, திருமணம், வேலை. முடிவில் கடைசியாக அவர் சொன்ன வார்த்தை. அது இல்லாவிட்டால் குறிப்பு பாதியில் நின்றதுபோல இருக்கும். எப்சியின் அடக்கத்தன்று ஆராதனை நடத்தும் உபதேசியார் பேனாவோடு வந்து கேட்டபோது மாமாதான் சொன்னார். 'சமாதானத்தோடே போகிறேன்' என்று எப்சி சொன்னதாக வாசித்தார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் அந்த நேரத்தில் வாசலில் பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

மாமா பஸ்ஸுக்குப் போனார். சோறு வடிக்கணும் என்று சந்தனமாரியும் எழுந்தாள். வாசல்படியில் நின்று திரும்பி, "தம்பி, மருமவளையாவது தெளிவாக்கிட்டுப் போங்க. மாமியா எப்படியும் இருக்கட்டும்," என்றாள்.

சுவரோரம் போன வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனேன். அத்தை எனக்கு முன்னால் போய்க் கட்டிலோரமாக நின்றாள். வயர் கட்டிலுக்குப் பின்னால் போய், இரும்பு பீரோவின் கதவிடுக்கில் நுழைந்தது. கண்ணாடி பதித்த பீரோ. கதவு சாத்தியிருந்தது.

"இதுக்குள்ளயா அத்தை?"

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

எப்சியின் சேலைகள். மூக்குக்கண்ணாடிக் கூடு. பள்ளிக்கூடத்தில் கட்டிக்கொண்டு போன கைக்கடிகாரம். நடுத்தட்டில், சேலைகளுக்கு இடையில், மோடம். நான்கு பச்சை விளக்குகளில் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் சேலை மடிப்புகளில் விழுந்திருந்தது.

"மாமாகிட்ட சொல்லிறாதிய," என்றாள்.

"சொல்லல."

"இந்தச் சந்தனமாரி அவ புருசன் படத்துக்கு முன்னால ராப்பகலா ஒரு சின்ன பல்பு போட்டு வச்சிருக்கா. எனக்கு அதப் பாக்கும்போதெல்லாம்... நம்ம வீட்ல வச்சா ஒங்க மாமா சபையக் கூட்டிருவாவ. நம்ம சனத்துல வெளக்கு வைக்கது இல்லல்லா. ஒருநா சாயந்தரம் கரண்டு போயிட்டு வந்துச்சி. ஹாலு இருட்டாக் கெடந்து. இந்தப் பெட்டி மட்டும் ஒண்ணொண்ணா கண்ணத் தொறந்துச்சி. நான் பாத்துக்கிட்டே நின்னேன். இது வெளக்கு இல்லல்லா மாப்ள? இத யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?"

"இது மோடம் அத்தை."

"அதத்தான் சொல்லுதேன்." அவள் கையை நீட்டி மோடத்தின் மேலிருந்த சேலையைத் தொட்டாள். "தொட்டுப் பாருங்க. எப்பமும் வெதுவெதுன்னு இருக்கும். அவ துணி குளுந்து கெடக்கப்படாது."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

வயரைப் பார்த்தேன். கதவின் கீல் அதை நசுக்கி மடக்கியிருந்தது. இந்த வயருக்குள் ஓடுவது வெளிச்சம். மடங்கினால் வெளியே கசிந்துவிடும். கழற்றி மீட்டரில் சொருகினேன். கம்பத்தில் இருந்ததில் பெரும்பகுதி இல்லை. மீதி வந்ததும் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தது. வைஃபை இரும்பைத் தாண்டி எவ்வளவு வரும்? இரவும் பகலும் துணிக்குள் கிடந்து மோடமும் சூடேறியிருந்தது. படம் வந்ததே பெரிது.

அத்தையிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம் நான்தான் கெடுத்துக்கிட்டேனா? மொகம் தெரியலன்னு மூணு தடவ போனு பண்ணிட்டு, நானேதான் பூட்டி வச்சிருக்கேனா?"

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. எழுந்து போய்க் கொக்கி மாட்டினேன். திரும்பி வந்து நின்றேன். போன் அடித்தது. அணில் கடித்த வீடு. எடுக்கவில்லை.

"பையில பழைய மோடம் ஒண்ணு கெடக்கு அத்தை. நெட்டுக்கு ஆகாது. கரண்ட்ல சொருகுனா லைட் எரியும். அத இதுக்குள்ள வச்சிட்டு இத வெளிய எடுத்துக்கிடலாம்."

அவள் யோசித்தாள். தலையை ஆட்டினாள்.

"அது சும்மா எரியும். இது மினுங்கும்லா."

"ஆமா. நெட்டு ஓடுனாத்தான் மினுங்கும்."

"அதான். சும்மா எரிஞ்சா அது வெறும் வெளக்கு. மினுங்குனா உள்ள ஆளு இருக்க மாதிரி. ஒங்க மாமா கிரிக்கெட் பாத்தாவன்னா கெடந்து துடிக்கும்." சிரிக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள். "கதவத் தொறந்தே வச்சா?"

"இரும்பு ஒரு பக்கம் மட்டும் தொறக்கும். கொஞ்சம் வேகம் கூடும். முழுசா வராது. மாமாவும் பாப்பாங்க."

"முழுசா வராதா?"

"வராது."

அவள் பீரோவையே பார்த்தாள். நான் வயரைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். என்ன செய்யட்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"மொகம் வேணும்," என்றாள். எழுந்தாள். "இருங்க, நானே எடுக்கேன்."

பிளக்கை உருவினேன். விளக்குகள் அணைந்தன. அவள் இரண்டு கையாலும் மோடத்தை எடுத்தாள். அது இருந்த இடத்தில் சேலையில் சதுரமாகத் தடம் விழுந்திருந்தது. அதை உள்ளங்கையால் நீவிவிட்டு பீரோவைப் பூட்டினாள்.

நசுங்கிய பகுதியை வெட்டிவிட்டு, வயரை ஹாலுக்கே திருப்பி இழுத்தேன். நுனியைச் சீவி, மோடத்தில் சொருகப் புதிய தலை போட்டேன். அத்தை அடுப்படிக்குப் போகாமல் என் அருகிலேயே நின்றாள்.

"எங்கன மாட்டப் போறிய?"

"பழைய எடத்துல. துளை இருக்கு."

"வேண்டாம். இங்கன மாட்டுங்க." எப்சியின் படத்துக்குக் கீழே, ஒரு சாண் இறக்கிக் கைவைத்துக் காட்டினாள். "டிவிக்கும் பக்கம்லா?"

"பக்கம்தான்."

"அப்பம் மாமா கேட்டா டிவிக்குப் பக்கம்னு சொல்லணும். நீங்க சொல்லுங்க. கம்பெனிக்காரன் சொன்னா அவுக ஒண்ணும் சொல்லமாட்டாவ."

ஸ்குரு போட்டேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கமா," என்றாள். தள்ளிப் போட்டேன். கரண்ட் கொடுத்தேன். முதல் விளக்கு வந்தது. இரண்டாவது சிவப்பாக மினுங்கியது.

"செவப்பா இருக்கே?"

"தேடுது. வரும்."

பச்சையானது. மற்றவையும் வந்தன. அவள் மூச்சு விட்டாள்.

டிவியைப் போட்டாள். தேவாலய மேசைக்கு வந்தாள். முதலில் பழையபடி சதுரங்கள்தான். பிறகு ஒரு நொடியில் எல்லாம் கூடிவந்தது. மேசைத் துணியின் பூவேலை தெரிந்தது. என் கழுத்தில் வியர்வை தெரிந்தது. எப்சியின் முகம் வந்தது. இடது கன்னத்தில் பவுடர் கொஞ்சம் திட்டாக நின்றிருந்தது. மேலுதட்டின் மச்சம். கண்ணில் மை. அவள் அசைந்து நான் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது. போனில் இருந்த படங்களைத் திறக்கவே இல்லை.

ஸ்குரு டிரைவரைப் பைக்குள் வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

அத்தை டிவிக்கு அருகில் போய் நின்றுகொண்டாள். எப்சி குனிந்தாள், பேனாவைப் பிடித்தாள், நிறுத்தினாள், என் பக்கம் திரும்பி உதடு அசைத்தாள். அத்தை பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். தானும் கூடவே உதட்டை அசைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதா மாப்ள? ஒங்களுக்கு நெனவிருக்கா?"

"பேனா எழுதமாட்டக்குன்னு சொன்னா."

"என்னது?"

"அந்தப் பேனா எழுதல. 'எழுதமாட்டக்கு, ஒங்க பேனாவத் தாங்க'ன்னா. என் பைல இருந்ததக் குடுத்தேன்."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பாகவே இருந்தது.

"கல்யாணத்தன்னைக்குப் பேசுத பேச்சா இது! இதுக்கா நான் இத்தன நாளா வாயப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்? என்னமோ ஏதோ சொல்லுதான்னு... மூதி. பேனா எழுதலயாம்."

"கெளம்பட்டுமா அத்தை? வேற வேலை கெடக்கு. அணில்..."

"அணிலு எங்கயும் போவாது. உக்காருங்க. உளுந்தஞ்சோறு பொங்கியிருக்கேன்."

உட்கார்ந்தேன். தட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தாள். நல்லெண்ணெய் ஊற்றினாள். போதும் என்றேன். இன்னும் ஊற்றினாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். டிவியில் சத்தமில்லாமல் கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் முகமும் தெரிந்தது.

அவள் போன் அடித்தது. மாமா. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம்.

"பாக்கியம், அட்டை நல்லா வந்துருக்கு. படமும் தெளிவா இருக்கு. அந்தக் கடைசி வார்த்தையிலதான் ஒரு சந்தேகம். 'சமாதானத்தோடே போகிறேன்'னா, 'கடந்து போகிறேன்'னா? உபதேசியார் எப்படி வாசிச்சாரு? எப்படி வாசிச்சாரு?"

அத்தை டிவிப் பக்கம் திரும்பினாள்.

"பாக்கியம்? ஹலோ?"

"இருங்க. வைக்காதிய." அவள் போனை எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். "மாப்ள, எம் புள்ள அப்படியா சொன்னா?"

நான் கையைத் தட்டிலேயே வைத்திருந்தேன்.

"எனக்கு எப்சியத் தெரியும். ஞாயிறு பள்ளிக்கூடத்துல ஒரு வசனம் முழுசாச் சொன்னது கெடையாது. பாதியில நிப்பா. மேடையில நின்னுக்கிட்டே எங்கிட்ட 'பிஸ்கட் எப்பம் தருவாவ'ன்னு சாடை கேப்பா. அவளா சமாதானத்தோடே போறேன்னு சொல்லியிருப்பா? அவுக சொன்னாவ, நானும் கேட்டுக்கிட்டேன். அன்னைக்கு அது நல்லா இருந்துச்சி. இன்னைக்கு அவ மொகத்தப் பாத்த பொறவு அது ஒட்டமாட்டக்கு. கடைசியாக் கூட இருந்தது நீங்கதான். ஒங்கள ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. இப்பம் கேக்கேன்."

"அது ஒண்ணும் பெருசா இல்ல அத்தை."

"பெருசா வேண்டாம்."

"அட்டையில போடுத மாதிரி இருக்காது."

"அட்டைக்கா கேக்கேன்? எம் புள்ள சொன்னது எனக்கு வேணும்."

போனில் மாமா நகர்ந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் சத்தம் குறைந்து, அவர் மூச்சு மட்டும் கேட்டது.

சொன்னேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்திருந்தோம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போனோம். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வந்தாள். உள்ளே போனதும் மயக்கம் வந்தது. ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு உடனே தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். தீவிர சிகிச்சை அறைக் கதவுக்கு முன்னால் நர்ஸ் கட்டிலை நிறுத்தி, வளையலைக் கழற்றி என் கையில் தந்தாள். அப்போது எப்சி கண்ணைத் திறந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். அவள் சொன்னாள். சரி என்றேன். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் படியிறங்கிப் போய் அவள் சொன்னதைச் செய்துவிட்டு மேலே வந்தேன். அதற்குள் அவள் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். அப்புறம் அவள் பேசவில்லை.

"என்ன சொன்னா?" இதைக் கேட்டது போனில் மாமா. ஒரு தடவைதான் கேட்டார், மெதுவாக.

அத்தை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'வண்டிய வெயில்ல போட்டுட்டு வந்துட்டிய. நெழலுக்குத் தள்ளிவிடுங்க, சீட்டு சுடும்.'"